சாமியை வரை என்றால் பிள்ளை யாரை வரைகிறது?

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருந்தார். தரம் 5 பிள்ளைகளுக்குத் தாள் கொடுத்து, "உங்க மனசுல இருக்குற சாமிய வரைங்க" என்றாராம். பாதிப் பேர் கலண்டரில் பார்த்த லட்சுமியையும் பிள்ளையாரையும் வரைந்தார்கள். ஒரு பையன் மாரியம்மன் முதுகில் கொழுந்துக் கூடையை மாட்டிவிட்டான். இன்னொருவன் தாள் நிறைய ஒரே ஒரு கண்ணை வரைந்தான். ஒரு பெண் பிள்ளை கைபேசி ஒன்றை வரைந்து கொடுத்தது. வீட்டிலோ வேறு கதை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் அண்ணன் மகன் "சாமியெல்லாம் கிடையாது" என்று சொல்லி, பெரியவர்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறான். "இதெல்லாம் எங்கிருந்து வருகிறது? நாங்கள் சொல்லிக் கொடுத்ததா, பிள்ளைகள் தாங்களாகவே கட்டிக்கொண்டதா? நான் திருத்த வேண்டுமா?" இதுதான் டீச்சரின் கேள்வி.

டீச்சர், நான் ஆசிரிய மாணவர்களுக்குப் பிள்ளை உளவியலைப் பல வருஷம் படிப்பித்தவன். பிறந்து வளர்ந்தது மஸ்கெலியாப் பக்கத்து லயம் ஒன்றில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில். நீங்கள் சொல்லிக் கொடுப்பது அதில் ஒரு பங்குதான். பிள்ளையின் சாமி, அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களிடமிருந்து முதலில் உருவாகிறது. கோவிலும் கலண்டரும் சைவநெறிப் பாடப்புத்தகமும் அதற்குப் பிறகு வந்து பெயரும் முகமும் கொடுக்கின்றன.

தொடர்வதற்கு முன் ஒன்று. ஒரு நம்பிக்கை மனதில் எப்படி முளைத்தது என்று சொன்னால், அது பொய் என்று சொன்னதாகாது. எண்ணும் கணக்கும் பிள்ளை மனதில் எப்படி வளர்கின்றன என்றுகூட உளவியல் சொல்கிறது. அதனால் இரண்டும் இரண்டும் நாலு இல்லையென்று ஆகிவிடுமா? நான் கோவிலுக்குப் போகிறவன். நான் எழுதப்போவது பிள்ளையின் மனதைப் பற்றி மட்டும்.

நம் தோட்டங்களில் "அம்மா" என்ற ஒரே சொல் எத்தனை வேலை செய்கிறது, பாருங்கள். பெற்றவள் அம்மா. கோவிலில் இருப்பவள் அம்மா. உடம்பில் கொப்புளம் போட்டால் "அம்மா வந்திருக்கா" என்கிறோம், வேப்பிலை கட்டுகிறோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு இவை மூன்றும் தனித்தனிச் சொற்களாகவா கேட்கும்? இந்தச் சேர்க்கையைத்தான் உளவியலாளர்கள் வேறு வழியில் கண்டுபிடித்தார்கள். சுவிட்சர்லாந்தின் பியர் போவே 1925ஆம் ஆண்டளவில் எழுதியது இது: பிள்ளை முதலில் எல்லாம் தெரிந்தவர்களாக, எல்லாம் முடிந்தவர்களாகத் தன் தாய் தகப்பனைத்தான் நினைக்கிறது. ஒரு நாள் அவர்களுக்கும் தெரியாத விஷயம் உண்டு, அவர்களும் பயப்படுவார்கள், அவர்களையும் ஒருவர் ஏசலாம் என்று கண்டுகொள்கிறது. அப்போது அந்தப் பெரிய குணங்களை எடுத்துக் கடவுளிடம் கொண்டுபோய் வைக்கிறது. அம்மா கங்காணியிடம் ஏச்சு வாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்த தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த நாள் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

இதற்கும் முந்திய பாடம் ஒன்றைப் பிள்ளை, தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் படிக்கிறது. விடிந்ததும் தாய் பிள்ளையை ஆயம்மாவிடம் விட்டுவிட்டு, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகிறாள். அங்கிருந்து மலையேறிப் பனிக்குள் மறைந்துபோகிறாள். பிறகு பால் கொடுக்க வருகிறாள். மறுபடி மறைகிறாள், மறுபடி வருகிறாள். கண்ணுக்குத் தெரியாதவள் இல்லாமல் போய்விடவில்லை, எங்கேயோ இருக்கிறாள், நம்மை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்ற நம்பிக்கை ஒரு வயதுக்குள் உடம்பில் ஊறுகிறது. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் இதை அடிப்படை நம்பிக்கை என்றார். பிற்பாடு பிள்ளைக்குள் வளரும் சமய நம்பிக்கைக்கும் வேர் இங்கேதான் என்று சொன்னார். இந்த இடத்தை மட்டும் நாம் அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. காணாத ஒன்றை நம்பும் பழக்கத்தைப் பிள்ளை கற்றது கோவிலில் இல்லை, தொட்டில் சேலைக்குள்.

உளப்பகுப்பாய்வைத் தொடக்கிய பிராய்ட் கடவுளைப் பெரிதாக்கப்பட்ட தகப்பன் என்றார். அதில் பாதி உண்மை. பயமும் அதிகாரமும் கலந்த சாமிகளுக்கு அது பொருந்தும். எனக்குச் சின்ன வயதில் முனியாண்டி என்றால் மனதில் வருவது சப்பாத்தும் தொப்பியும் போட்ட ஒருவர்தான். எங்கள் தோட்டத்தில் எல்லோரும் கண்டு ஒதுங்கி நின்ற ஆள் தோட்டத்தை நடத்திய துரைதானே! பெரியவர்களும் இதைச் செய்யாமல் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்கு ரோதமுனி, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து மலைக்குக் கவ்வாத்துசாமி என்று ஆபத்து இருந்த இடத்திலெல்லாம் நம் முன்னோர் ஒரு காவலைக் கண்டார்கள். மாரியம்மன் முதுகில் கூடையை மாட்டிய பையன் அந்த வரிசையில் வருகிறவன். அவன் வரைந்ததில் திருத்த எதுவும் இல்லை.

சரி, பெற்றோரின் நிழல்தான் கடவுள் என்றால் அதோடு விஷயம் முடிந்துவிட வேண்டும். முடியவில்லை. அமெரிக்காவில் ஜஸ்டின் பாரெட் குழுவினர் 2001இல் வெளியிட்ட சோதனை ஒன்று. பிஸ்கட் பெட்டிக்குள் பிஸ்கட்டுக்குப் பதிலாகக் கற்களைப் போட்டுப் பிள்ளைக்குத் திறந்து காட்டிவிட்டு மூடுகிறார்கள். "இப்போது அம்மா வந்து மூடிய பெட்டியைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று நினைப்பார்?" மூன்று நாலு வயதுப் பிள்ளை "கல்" என்கிறது. தனக்குத் தெரிந்தது அம்மாவுக்கும் தெரியும் என்று நினைக்கும் வயது அது. ஐந்து ஆறு வயதில் "பிஸ்கட் என்று நினைத்து ஏமாறுவார்" என்கிறது. "கடவுள்?" என்று கேட்டால், அந்த வயதுப் பிள்ளையும் "அவருக்குத் தெரியும், கல்" என்கிறது. அதாவது அம்மாவின் அறிவுக்கு எல்லை உண்டு என்று கண்டுகொண்ட பிறகும் கடவுளுக்கு அந்த எல்லையைப் போடவில்லை. இதை எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. 2010இல் வந்த இன்னொரு ஆய்வில், மனிதர் ஏமாறுவார்கள் என்று புதிதாகக் கண்டுகொண்ட பிள்ளைகள் கொஞ்ச காலம் கடவுளும் ஏமாறுவார் என்றுதான் சொன்னார்கள். கடவுளை மனிதரிடமிருந்து பிரித்தது அதற்குப் பிறகுதான். நான் வகுப்பறைகளில் பார்த்த வரையில் இரண்டாவதுதான் நம் பிள்ளைகளுக்குக் கிட்டவாகத் தெரிகிறது.

என் சொந்தக் கதை ஒன்றும் அதற்குச் சாட்சி. 1960களின் கடைசியில் மவுசாகலை அணை வந்து பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனபோது நான் சின்னப் பையன். நீர் வற்றும் காலத்தில் பழைய கோவில் இன்றும் வெளியே தெரியும். "கோவிலுக்குள்ள தண்ணி வந்தா சாமிக்கு மூச்சு முட்டாதா?" என்று பாட்டியிடம் கேட்டேனாம். "சாமி நமக்கு முந்தியே மேட்டுக்கு ஏறிருச்சுய்யா" என்றாராம் பாட்டி. எனக்கு அது முழு நிம்மதி. மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்குப் போகும் வழியில் ஒரு பிள்ளை, "அம்மா இங்க தேர்ல வந்தா நம்ம தோட்டத்துக்கு யாரு காவல்?" என்று கேட்டதைப் பக்கத்து இருக்கையில் இருந்து கேட்டிருக்கிறேன். சிரிக்க வேண்டாம். "கடவுள் எங்கும் இருக்கிறார்" என்று சொல்லும் பெரியவர்களும், கதையாக ஒன்றைச் சொல்லும்போது, கடவுள் ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார் என்றே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். பாரெட் இதை அமெரிக்காவில் 1996இலும், இந்தியாவில் இந்துக்களிடையே 1998இலும் காட்டினார். மனதுக்குக் கையில் இருக்கும் அச்சு மனித அச்சுதான்.

பிள்ளை மனதுக்குள் ஏற்கெனவே இருக்கும் இன்னொரு சாய்வு, எதையும் "எதற்காக" என்று பார்ப்பது. டெபோரா கெலமன் என்ற ஆய்வாளர் 1999இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளிடம் கல் ஏன் கூராக இருக்கிறது என்று கேட்டபோது, நீண்ட காலமாகத் துகள்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்தன என்ற விளக்கத்தை விட்டுவிட்டு, மிருகங்கள் அரிப்பெடுத்தால் உரசிக்கொள்வதற்கு என்பது போன்ற விளக்கத்தையே விரும்பினார்கள். நம்மூரில் பனி எதற்கு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். "கொழுந்துக்குத் தாகம் எடுக்குமே" என்பார்கள். எல்லாம் ஒன்றுக்காக இருக்கிறது என்றால் அப்படி வைத்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது அடுத்த படி. அந்தப் படியைப் பிள்ளை எளிதாக ஏறிவிடுகிறது.

இனி, தாள் நிறைய வரைந்த அந்தக் கண். இதைப் பற்றித்தான் நான் உங்களோடு அதிகம் கதைக்க விரும்புகிறேன்.

"பொய் சொன்னா சாமி கண்ணக் குத்திரும்." இதைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை உண்டா? ஜெசி பெரிங் என்ற ஆய்வாளர் 2006இல் பிள்ளைகளிடம், கண்ணுக்குத் தெரியாத ஓர் இளவரசி அறையில் இருக்கிறாள், நீ பிழையான பெட்டியைத் தொட்டால் எப்படியாவது சொல்லிவிடுவாள் என்றார். பிள்ளை கை வைத்ததும் விளக்கை மினுக்கினார்கள், சுவரில் இருந்த படத்தை விழ வைத்தார்கள். மூன்று நாலு வயதினர் படம் சரியாக ஒட்டவில்லை என்றார்கள். ஐந்து ஆறு வயதினர் இளவரசிதான் செய்தாள், ஆனால் சும்மா செய்தாள் என்றார்கள். ஏழு வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் "எனக்குச் சொல்கிறாள்" என்று கையை மற்றப் பெட்டிக்கு மாற்றினார்கள். ஆக, பல்லி சொல்வதையும், பூக் கேட்கும்போது எந்தப் பக்கம் பூ விழுந்தது என்பதையும் தனக்கு வந்த சேதியாக எடுத்துக்கொள்ளும் திறமைக்கு மனம் கொஞ்சம் முதிர வேண்டும். அதே கண்ணுக்குத் தெரியாத இளவரசி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நம்பிய பிள்ளைகள், தனியே விட்டபோது விளையாட்டில் ஏமாற்றுவது குறைந்தது என்றும் 2011இல் காட்டினார்கள்.

அதனால் கண்ணைக் குத்தும் சாமி நல்லது என்று முடிவெடுத்துவிட வேண்டாம். பார்க்கிற சாமி வேறு, குத்துகிற சாமி வேறு. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் பியாஜே 1932இல் எழுதிய நூலில் பிள்ளைகளிடம் சொன்ன ஒரு கதை வருகிறது. தோட்டத்தில் பழம் திருடிய பையன் ஓடிவரும் வழியில் பழைய பாலம் உடைந்து தண்ணீரில் விழுகிறான். திருடாமல் இருந்திருந்தால் பாலம் உடைந்திருக்குமா? 6 வயதுப் பிள்ளைகளில் 86 வீதம் பேர், திருடியதால்தான் விழுந்தான் என்றார்கள். 11, 12 வயதில் அப்படிச் சொன்னவர்கள் 34 வீதம். உலகமே தண்டனை கொடுக்கும் என்ற இந்த எண்ணம் பிள்ளையிடம் தானாகவே இருக்கிறது. அதன் மேல் நாம் சாமியின் விரலையும் வைத்து அழுத்தினால், வீட்டுக்கு வரும் ஒவ்வொரு துன்பத்துக்கும் பிள்ளை தன்னைத்தான் குற்றவாளியாக்கும். அப்பா குடிப்பது நான் திருநீறு பூசாமல் போனதால். தம்பிக்குக் காய்ச்சல் நான் பொய் சொன்னதால்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகளில் சிலருக்குத் திரும்பி வர வீடு இல்லை, பெற்றோரும் இல்லை. இப்படி ஒன்று நடந்தால் பெரியவர்கள் "சாமி ஏன் பார்த்துக்கொண்டிருந்தது" என்று கேட்கிறோம். சின்னப் பிள்ளையின் கேள்வி அதைவிடப் பயங்கரமானது: "நான் என்ன செஞ்சேன்?" அதை வாய்விட்டுக் கேட்காது. நாம்தான் முந்திக்கொண்டு, "நீ ஒண்ணும் செய்யல" என்று, கேட்காமலே, பல தடவை சொல்ல வேண்டும். கண்ணை வரைந்த பையனை ஒரு நாள் பக்கத்தில் இருத்தி, அந்தக் கண் கோபமாகப் பார்க்கிறதா, காவலாகப் பார்க்கிறதா என்று மட்டும் கேளுங்கள். நான் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான்.

நீங்கள் கேட்ட "நாங்கள் சொல்லிக் கொடுத்ததா" என்பதற்கும் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. போல் ஹாரிஸும் அவரோடு இருந்தவர்களும் 2006இல் வெளியிட்டது. பிள்ளைகள் கிருமியைப் பார்த்ததில்லை, கடவுளையும் பார்த்ததில்லை. இரண்டையும் நம்புகிறார்கள், ஆனால் கிருமியை இன்னும் உறுதியாக. காரணம் பேச்சில் இருக்கலாம் என்கிறார் ஹாரிஸ். "நான் கிருமியை நம்புகிறேன்" என்று யாரும் சொல்வதில்லை, "கையைக் கழுவு" என்றுதான் சொல்கிறோம். "நம்புகிறேன்" என்று சொல்லும்போதே, நம்பாதவர்களும் இருக்கிறார்கள் என்று பிள்ளைக்குக் கேட்டுவிடுகிறது. நம் லயத்தில் மாரியம்மனைப் பற்றி யாரும் "நம்புகிறேன்" என்று பேசுவதில்லை. "ஆடிக்குக் கூழ் ஊத்தணும்", "அம்மா வந்திருக்கா, வீட்டுல தாளிக்காத." இப்படி வேலையாகவே பேசுகிறோம். அதனால் நம் பிள்ளைக்கு மாரியம்மன் கிருமியின் பக்கம் நிற்கிறாள், நம்பிக்கை என்ற பெயரே அதற்குத் தேவைப்படவில்லை. அறநெறிப் பாடசாலையில் மனப்பாடம் செய்யும் தேவாரத்தைவிட, பாட்டி விளக்கு ஏற்றும்போது அவர் முகம் எப்படி மாறியது என்பதுதான் ஆழமாகப் போய் நிற்கும்.

இப்போது அந்தக் கைபேசி. அந்தப் பிள்ளையின் தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருப்பாள் என்று நான் ஊகிக்கிறேன். தவறாக இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள்.

ஆனா மரியா ரிசூட்டோ என்ற மனநல மருத்துவர், தன்னிடம் வந்தவர்களைக் குடும்பத்தையும் வரையச் சொன்னார், கடவுளையும் வரையச் சொன்னார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல வருஷம் பார்த்து 1979இல் எழுதினார். ஒவ்வொருவரின் கடவுளும் தாயின் முகம், தகப்பனின் முகம், பாட்டியின் குரல், கிடைத்தது, கிடைக்காமல் ஏங்கியது எல்லாம் சேர்ந்த கலவை என்று கண்டார். பிள்ளை வெறுங்கையோடு கோவில் வாசலுக்கு வருவதில்லை, தன் சொந்தச் சாமியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் வருகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். உங்கள் மாணவி கொண்டுவந்தது ஒரு கைபேசி. தூரத்தில் இருக்கிறது, கூப்பிட்டால் கேட்கிறது, சில நாள் எடுக்காது, முகம் தெரியும் ஆனால் மடியில் படுக்க முடியாது. சாமி என்றால் என்ன என்று அந்தப் பிள்ளை சொன்ன வரைவிலக்கணம் அதுதான்.

பற்றுறவு, அதாவது பிள்ளைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பு, பற்றிய ஆய்வுகளும் இங்கே உதவும். லீ கிர்க்பாட்ரிக் 1990களிலும் பின்னர் சுவீடனில் பெர் கிரான்க்விஸ்டும் கண்டது இரண்டு பாதைகள். அரவணைப்பு நிலையாகக் கிடைத்த பிள்ளை, வீட்டில் பக்தி இருந்தால் அதையே மெல்ல மெல்லத் தனதாக்கிக்கொள்கிறது. அரவணைப்பு அறுந்து அறுந்து கிடைத்த பிள்ளையிடம், துன்பம் வரும் நேரத்தில், திடீரென்று ஒரு திருப்பம் வரலாம். கடவுளையே தாய்க்குப் பதிலாகக் கட்டிக்கொள்கிறது. பதினைந்து பதினாறு வயதில் ஒரு பிள்ளை ஒரே வாரத்தில் கிறிஸ்தவ சபைக்கு மாறியதையோ, இரவு பகலாகக் கோவிலிலேயே கிடப்பதையோ நாம் பார்த்திருக்கிறோம். வீட்டில் அடி விழுகிறது. எதை நோக்கி ஓடியது என்பதைவிட எந்த வெறுமையிலிருந்து ஓடியது என்று பார்த்திருந்தால் அந்த அடி விழுந்திருக்காது.

உங்கள் அண்ணன் மகனுக்கு வருகிறேன். பதினொன்று பன்னிரண்டு வயதுக்குப் பிறகு "அப்படி இல்லாவிட்டால்?" என்று யோசிக்கும் சக்தி பிறக்கிறது. கணக்கில் அது பிறந்தால் மெச்சுகிறோம், சாமி விஷயத்தில் பிறந்தால் ஏசுகிறோம். இந்த வயதில் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற உணர்வும் கூடவே வரும் என்று டேவிட் எல்கைன்ட் 1967இல் எழுதினார். அந்த நேரத்தில் எந்நேரமும் பார்க்கும் சாமி சில பிள்ளைகளுக்கு ஒரே நம்பிக்கையான தோழன். சிலருக்குத் தாங்க முடியாத பாரம்.

பல பிள்ளைகள் மறுப்பது ஏழு வயதில் செய்த சாமியை. உடம்பு வளர்ந்துவிட்டது, சாமி அதே சட்டையில் நிற்கிறது. என்னிடம் படித்த ஒரு பையன் பாடமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் சொன்னான், "சாமி இல்ல சேர்." ஏன் என்று நான் கேட்கவில்லை. "எப்ப இருந்து?" என்று கேட்டேன். தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்ந்துகொண்டு மூன்று வருஷம் பாற்குடம் எடுத்தவன் அவன். தாய் மூன்றாவது வருஷம் போய்விட்டாள். அவன் சொன்னது தத்துவம் இல்லை. அது ஒப்பாரி. அதற்கு நான் தத்துவத்தால் பதில் சொல்லியிருந்தால் அவன் மறுபடி என்னிடம் வாய் திறந்திருக்க மாட்டான்.

எல்லா மறுப்பும் துக்கம் என்றும் நினைத்துவிடாதீர்கள். "இருநூறு வருஷமா கும்பிட்டும் நாம ஏன் இன்னும் லயத்துல?" என்று கேட்ட ஒரு பெண் பிள்ளையையும் எனக்குத் தெரியும். அது நியாயத்தைத் தேடும் மனம். அதற்கு உடனே பதில் சொல்ல ஆசைப்படாமல், அந்தக் கேள்வியை அவள் பக்கத்தில் இருந்து நாமும் கேட்பதுதான் மரியாதை. உங்கள் மருமகன் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று உங்கள் அண்ணனுக்குத் தெரியாது. அண்ணி ஒரு தடவை, சண்டை ஓய்ந்த ஒரு ராத்திரியில், "எந்தச் சாமி இல்லங்குற, அதைச் சொல்லு" என்று கேட்கட்டும். கேட்டுவிட்டு அவன் முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருக்கட்டும்.

அந்தப் பெண் பிள்ளையின் படத்தை மட்டும் மற்றப் படங்களோடு சுவரில் ஒட்டிவிடாதீர்கள். புள்ளியும் போட வேண்டாம். அடுத்த முறை அவளுக்குப் பக்கத்தில் இருக்கும்போது, "இந்தப் போன் அடிச்சா முதல்ல என்ன சொல்லுவ?" என்று கேளுங்கள். அவள் சொல்வதை எழுதிக்கொள்ளாமல் கேளுங்கள், டீச்சர்.